மூன்று பகுதி நோட்டு

பள்ளிக்கூட மண்டபத்தில் ஜோடி ஜோடியாகக் கைகோர்த்து ஆடப் பழகிக்கொண்டிருந்தோம். மேடையில் என் வகுப்புக்காரி ஒருத்தியின் தகப்பன் பிடில் வாசித்தார். மெட்டு இரண்டாம் முறை திரும்பியபோது நான் ஆட்டத்தை விட்டுவிட்டு நின்றுவிட்டேன். அது எங்கள் வீட்டு மெட்டு. வெள்ளிக்கிழமைகளில் சின்னம்மா தரையில் உட்கார்ந்து வயலினில் வாசிக்கும், நோட்டு என்று நாங்கள் சொல்லும் துள்ளல் மெட்டு. யாழ்ப்பாணத்தில் வாத்தியாரிடம் படித்து வந்ததை, மெல்பேணில் எனக்கும் பழக்கியிருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம். மெல்பேணின் ஓரத்தில், எங்கள் நோபல் பார்க்கில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே காரில் போய்விடலாம். அங்கே எங்களுடையது என்று ஒன்று கிடைத்தால் விடுவேனா? எல்லோருக்கும் கேட்கும்படி, இந்த மெட்டு எங்களுடையது என்று அறிவித்தேன். பிடில்காரரின் மகள் என்னைப் பொய்க்காரி என்றாள். அது அவளுடைய தாத்தா ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்ததாம். இசை ஆசிரியை எங்களை விலக்கிவிட்டு, அடுத்த ஒத்திகையில் வாசித்துக் காட்டு என்றார்.

வீட்டில் மாமாவுக்குத்தான் உற்சாகம் பிறந்தது. "அவங்கள் எங்கடை தேயிலையையே மூட்டை கட்டிக் கொண்டுபோனவங்கள். ஒரு பாட்டுக் கொண்டுபோறது பெரிய வேலையே?" என்றார். சின்னம்மா மட்டும் இந்த வழக்கு எதற்கு என்றாள். நான் கேட்கவில்லை. எங்கள் நோட்டில் மூன்று பகுதி, அவர்களிடம் இரண்டுதான். குறைய வைத்திருப்பவர்கள்தானே எடுத்தவர்களாக இருக்கவேண்டும்?

ஒத்திகையில் பள்ளிக்கூட வயலினைத் தந்தார்கள். மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதன் தலையை வலது காலில் ஊன்றினேன். சிரித்தார்கள். தந்திகளைத் திருகி, வீட்டில் செய்வதுபோல ச-ப-ச-ப என்று சேர்த்தேன். சுருதியைக் கெடுத்துவிட்டாய் என்று ஆசிரியை முகம் சுளித்தார். நான் வாசித்தேன். முதல் இரண்டு பகுதிக்கும் பிடில்காரரின் சப்பாத்து தானாகத் தாளம் போட்டது. மூன்றாவது தொடங்கியதும் தாளம் நின்றது.

முடிந்ததும் அவர் வயலினைக் கேட்டு வாங்கினார். முறுக்காணிகளைத் தொடவே இல்லை. நின்றபடி, நான் சேர்த்து வைத்த அதே சுருதியில் தன் மெட்டை வாசித்தார். இந்த மெட்டுக்கு அவருடைய தகப்பனும் தந்திகளை இப்படித்தான் மாற்றிச் சேர்ப்பாராம். தான்தான் சோம்பலில் விட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு மூன்றாம் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டு, இது எவ்வளவு பழையது என்று கேட்டார். மிக மிகப் பழையது என்றேன்.

வெற்றிச் செய்தியோடு வீட்டுக்கு ஓடினேன். சின்னம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மூண்டாவதையோ கேட்டவர்?"

"ஓம். இனி டான்சுக்கெல்லாம் அதையும் சேர்த்துத்தான் வாசிப்பாராம்."

கத்தி நின்றது. "நல்லா இருக்கெண்டு சொன்னவரோ?"

பழைய பாட்டென்றால் நல்லாகத்தானே இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் பிஸ்கட் தேடப் போனேன். அன்றைய கறியில் உப்பே இல்லை. மாமா குறை சொன்னபோதும் அவள் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு பகுதிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. இருபத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி, நோபல் பார்க் வீட்டின் பின்னறையில் இருந்து, பழைய மெட்டொன்றுக்குப் புதிதாக ஒரு பகுதி கட்டலாம் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது டேப் ரெக்கார்டரும் கையுமாக இந்த மெட்டின் வேறுவேறு வடிவங்களைத் தேடி அலைகிறேன். போன மாதம் பல்லாரட் என்ற ஊரில் பிடில் வாசிக்கும் ஒரு பையன் மூன்று பகுதியையும் வாசித்துவிட்டு, மூன்றாவதுதான் ஆகப் பழையது, ஸ்கொட்லாந்து மலைகளில் பிறந்தது என்று சாதித்தான். நான் மறுக்கவில்லை. வருகிற சனிக்கிழமை சின்னம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறேன். இருவரையும் ஒன்றாக வாசிக்கவைத்து ஒரே நாடாவில் பதியவேண்டும். அவளும் வயலினைத் துடைத்து வைத்துவிட்டாள். நாலாவதாக ஒரு பகுதி கைவசம் இருக்கிறதாம்.