இரண்டாகப் பிரித்த மழை

போன செவ்வாய்க்கிழமை காலை, திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மேஜை நிறைய மழைப் பதிவேடுகள். அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர் உதவிப் பொறியாளர் கவிதா. எதிரே, மனுவோடு வந்திருந்த அமுதா – பக்கத்துக் கிராமத்தில் சம்பா பயிரிடுபவர்.

விஷயம் இதுதான். அமுதாவின் வயல் தண்ணீர் வடிகிற வாய்க்கால் ஒரு ரோட்டைக் கடக்கிறது. அங்குள்ள சிறுபாலத்தில் தண்ணீர் போக ஒரே ஒரு கண். பெருமழை பெய்தால் தண்ணீர் ரோட்டுக்கு இந்தப் பக்கமே தேங்கிவிடும். அது வடிந்து முடிவதற்குள் பயிர் அழுகியிருக்கும்.

பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். எத்தனை கண்? அதை முடிவு செய்வது பதிவேடுதான். ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு என்று பார்த்து, அவ்வளவும் வடிகிற மாதிரி வடிவமைப்பார்கள்.

"இதுப்படி பார்த்தா ஒரு கண்ணே போதும்க்கா," என்றார் கவிதா.

"போதும்னா நான் எதுக்கு வருஷா வருஷம் மனு எழுதிக்கிட்டு வர்றேன்? கையெழுத்து நல்லா வரட்டும்னா?"

கவிதா பதிவேட்டை மறுபடி புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது... அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கு ஒரே எண். புள்ளிக்குப் பின்னாலும் அதே எண். வேறொரு வருடத்திலும் அப்படியே. எல்லாமே ஊர் மூழ்கிய நாட்கள்.

அமுதா எட்டிப் பார்த்தார். "மழை என்ன ரேஷன் மண்ணெண்ணெயா, ரெண்டு நாளும் ஒரே அளவா ஊத்த?"

தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுபவர் அலுவலக உதவியாளர் செபாஸ்டியன். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மறைக்கவில்லை.

"மானி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கு மேடம். பெருமழைன்னா வாய்க்கால் வழிஞ்சு, போக வழி இருக்காது. மறுநாள்தான் போவேன். ரெண்டு நாள் மழையும் ஒண்ணா கெடக்கும்; கொட்டினது என்னமோ பெரும்பாலும் ஒரே நாள்லதான். பாதிப் பாதியா பிரிச்சு எழுதிருவேன்."

"ஏன் சார்?"

"கட்டம் காலியா இருந்தா மெமோ வரும்."

இதில் லஞ்சம் இல்லை. சோம்பலும் இல்லை. கட்டத்தை நிரப்பிவிட வேண்டும் என்ற பயம் – அவ்வளவுதான். நாம் நிரப்பாத கட்டங்களா? ஆனால் எந்த மழைக்காகப் பாலம் கட்ட வேண்டுமோ, சரியாக அந்த மழைதான் பதிவேட்டில் பாதியாகிவிட்டது. சாதாரணத் தூறல்களெல்லாம் துல்லியமாக இருந்தன.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்," என்றார் கவிதா. "அப்பதான் ரெண்டையும் கூட்டி ஒரே நாளா எடுத்துக்க முடியும். இல்லன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க."

"பென்ஷன்ல கை வைப்பாங்களா மேடம்?"

"தெரியல சார். வைக்க மாட்டாங்கன்னு நான் பொய் சொல்லக் கூடாது."

செபாஸ்டியன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமுதா குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நீங்க ரெண்டா பிரிச்சு எழுதினீங்க. எங்க வயல்ல அது ஒண்ணாத்தான் நின்னுச்சு."

அவர் உட்கார்ந்து எழுதினார். ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். கவிதா புதிதாகக் கணக்குப் போட்டார். ஒரு கண் மூன்று கண் ஆனது. கோப்பு மேலே போயிருக்கிறது. இந்த மழைக்காலத்துக்குள் பாலம் வராது. அமுதாவுக்கும் அது தெரியும்.

நேற்று கவிதா போன் செய்தார். விளக்கம் கேட்டு செபாஸ்டியனுக்கு மெமோ வந்துவிட்டதாம்.

மழைமானியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தவரிடம் மட்டும் இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை.