பிஸ்கட் டின்னுக்குள் போன பாலன்

யூலை மாதத்தில் கிறிஸ்மஸ் சந்தைக்கு வர என் மாமி சம்மதித்ததே பெரிய அதிசயம். மாமி என்றால் என் கணவரின் அம்மா. பன்னிரண்டு வருடமாக மெல்பேர்ணில், மல்கிரேவில் எங்களோடு இருக்கிறார்.

"யூலை எண்டால் மடு மாதா திருவிழா. உதுக்குள்ள நத்தார் எங்கால வந்தது?" என்று கேட்டார்.

இந்த நாட்டில் டிசம்பர் என்றால் மண்டையைப் பிளக்கும் வெயில். கிறிஸ்மஸ் அன்று கட்டைக் காற்சட்டையோடு கொல்லைப்புறத்தில் இறைச்சி வாட்டிச் சாப்பிடுவார்கள். படத்தில் பார்த்த குளிர்கால நத்தாரில் ஆசை விடவில்லை என்பதால், யூலையில் மரக் கடைகள் போட்டு, இஞ்சி பிஸ்கட் சுட்டு, வைனைச் சூடாக்கிக் குடித்து, அந்த ஆசையையும் தீர்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் விளக்கினேன்.

"அப்ப டிசம்பரில செய்யிறது?"

"அதுதான் உண்மையான நத்தார், மாமி. இது சும்மா ஆசைக்கு."

"ஆசைக்கெண்டால் சரி" என்று போய்க் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்தார்.

என் கணவருக்குப் பரமட்டாவில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு இருந்தது. எங்கள் இருவரையும் சிட்னி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பார்க்கிறது எல்லாம் ஒரு சாட்டு. துறைமுகத்தடியில் அந்தச் சந்தை நடக்கிறது என்று இணையத்தில் கண்டுவிட்டு, ஒரு கிழமையாக அவரை நச்சரித்தது நான்தான். என் கைப்பைக்குள் ஒரு துண்டு வெள்ளை நூல் இருந்தது. அதைப் பற்றி அவருக்கும் சொல்லவில்லை, மாமிக்கும் சொல்லவில்லை.

நூலின் கதை போன டிசம்பரில் தொடங்கியது.

எங்கள் வீட்டில் மார்கழி பிறந்ததும் பாலன் குடில் கட்டிவிடுவோம். வைக்கோல் பரப்பி, மாதாவை ஒரு பக்கமும் சூசையப்பரை மறு பக்கமும் வைப்போம். நடுவில் தீவனத் தொட்டி வெறுமையாக இருக்கும். பிறக்காத பிள்ளையை எப்படிக் கிடத்துவது? பாலன் சுரூபத்தை மட்டும் எங்கேயாவது ஒளித்து வைத்து, நத்தார்ப் பூசை முடிந்து வந்த பிறகுதான் எல்லோரும் கூடி நின்று பாட்டுப் பாடித் தொட்டிக்குள் வைப்போம். ஒளித்து வைப்பது எப்போதும் மாமியின் வேலை. எங்கே வைக்கிறார் என்று மகனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்.

போன வருடம்தான் முதன்முதலாக என்னைக் கூப்பிட்டார். "கை நடுங்குது, பிள்ளை. இந்த முறை நீ வை. கவனம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருட மருமகளுக்குக் கிடைத்த பதவி உயர்வு. பாலனை மெல்லிய தாளில் சுற்றி, குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய வட்ட பிஸ்கட் டின்னுக்குள், அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே வைத்தேன். எங்கள் வீடுகளில் பிஸ்கட் டின்னுக்குள் பிஸ்கட்டைத் தவிர எல்லாம் இருக்கும் என்பதால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை பலகார வேலை. கொக்கிஸ், சீனி அரியதரம், பயற்றம் பணியாரம் என்று மூன்று நாள் குசினியை விட்டு அசையவில்லை. அயல் வீடுகளுக்கும் கோயில்காரருக்கும் வேலைத்தலத்துக்கும் கொடுக்க டின் போதவில்லை. மேலே எட்டி, கையில் அகப்பட்டதை எல்லாம் இறக்கினேன். பழைய தாளுக்கு மேலே புதுத் தாள் விரித்தேன். கொக்கிஸை அடுக்கி மூடினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நத்தாருக்கு முதல் நாள் பூசை முடிந்து வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. என் கணவர் மெழுகுதிரியைக் கொளுத்தினார். "பாலனைக் கொண்டு வா, பிள்ளை" என்றார் மாமி. நான் கதிரையில் ஏறி மேல்தட்டில் கையை விட்டேன். டின் இல்லை. அப்போதுதான் கொக்கிஸ் ஞாபகம் வந்தது. கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு வீடு விடாமல் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் கொக்கிஸைத்தான் புகழ்ந்தார்கள். ஒரு வீட்டில், சாப்பிட்டு முடித்து அந்த வட்ட டின்னை மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டதாகவும், முதல் நாள்தான் லொறி வந்து அள்ளிக்கொண்டு போனதாகவும் சொன்னார்கள். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பொருளைத் தொலைத்தவர்களிடம் நாள் முழுக்க, "கடைசியாக எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்பதுதான் என் வேலை. அந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது கடையில் வாங்கிய சாதாரணச் சுரூபம்தான். மூக்கு நுனியில் வண்ணம் உரிந்திருக்கும். ஆனால் சண்டை நேரம் மன்னாரை விட்டு வெளிக்கிட்ட அன்று மாமி வீட்டிலிருந்து எடுத்தது மூன்றே சுரூபங்கள். இராசாக்களும் இடையர்களும் ஒட்டகமும் அங்கேயே நின்றுவிட்டார்கள். போன இடமெல்லாம் பாலனைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாராம். ஷெல்லுக்கும் கடலுக்கும் தப்பி வந்த பாலன் என் பிஸ்கட் டின்னுக்குத் தப்பவில்லை.

மாமி ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் வாய் காட்டி, அழுது, ஆறியிருப்பேன். அவர் தொட்டிக்குள் இருந்த வைக்கோலை விரலால் நேராக்கிவிட்டு, "சரி, சாப்பிடுவம்" என்றார். தையில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும் குடில் அப்படியே வெறுந்தொட்டியோடு இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு சொல் இல்லை. என் பருப்புக்கு உப்புக் காணாது என்று வழமைபோல் குறை சொன்னார், வழமைபோல் என்னோடு சேர்ந்து மகனைக் கிண்டல் செய்தார். ஆனால் "இதை வைச்சிரு, பிள்ளை" என்று எதையும் என் கையில் தரவில்லை. மாசியில் ஸ்கான் எடுக்கப் போனபோது தோட்டைக் கழற்றினார். நான் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். என்னைத் தாண்டிப் போய் மகனின் கையில் கொடுத்தார். நினைத்துத்தான் செய்தாரோ தெரியாது. எனக்கு நெஞ்சில் குத்தியது.

அந்தக் கிழமைதான், அவர் தூங்கும் நேரம் பார்த்துத் தீவனத் தொட்டியை எடுத்து, அதன் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டிக் கைப்பைக்குள் வைத்தேன். அந்த அளவுக்கு ஒரு பாலனைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மெல்பேர்ணில் யூன் மாதம் முழுக்கக் குளிர்காலச் சந்தை சந்தையாக அலைந்தேன். பனிக்கரடி கிடைத்தது, கலைமான் கிடைத்தது, பாலன் மட்டும் கிடைக்கவில்லை.

கணவரை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நானும் மாமியும் ரயிலேறித் துறைமுகத்தில் இறங்கினோம். பழைய கற்கட்டடங்களுக்கு நடுவில் சந்தை. தடித்த குளிர்ச் சட்டைக்கு மேலே சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு சனம். ஒரு மூலையில் இயந்திரம் ஒன்று வெள்ளையாக நுரையை ஊதியது. பிள்ளைகள் பனி, பனி என்று குதித்தார்கள். மாமி கையை நீட்டி ஒரு துளியைப் பிடித்து மணந்து பார்த்தார்.

"சவுக்காரம்" என்றார். "பரவாயில்லை, வடிவாத்தான் கிடக்குது."

அவருக்குச் சந்தை பிடித்துவிட்டது. இஞ்சி பிஸ்கட்டைக் கடித்து, "மணம் இருக்கு, உறைப்பில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். சுற்றுகிற குதிரை ராட்டினத்துக்கு முன்னால் கிடந்த வாங்கில் அவரை இருத்தி, ஒரு சூடான சொக்லேட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "கடையளை ஒருக்காப் பாத்திட்டு ஓடி வாறன், மாமி" என்று நழுவினேன்.

முதல் கடையில் மரத்தில் செதுக்கிய குடில்கள் வரிசையாக இருந்தன. பாலன் மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். குழந்தையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் கடையில் தாடிக்காரக் கிழவர் ஒருவர், சோடி தவறிய உருவங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். கிளறினேன். காலில்லாத செம்மறி, ஒற்றை இராசா, அடியில் மூன்று பாலன்கள். ஒருவர் பெருவிரல் அளவு. ஒருவர் மஞ்சள் தலைமயிரும் நீலக் கண்ணுமாக இருந்தார். மூன்றாமவர் கறுத்த மரத்தில் செதுக்கிய கொழுத்த பிள்ளை, இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் மாதாவைவிடப் பெரிய உருவம். நான் நூலை எடுத்து நீலக் கண்ணருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அச்சொட்டாக அளவு.

"உது என்ன நூல்?"

மாமி பின்னால் நின்றார். உதட்டில் சொக்லேட் ஒட்டியிருந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தொட்டியின்ர அளவு, மாமி. வெட்டி வைச்சனான்."

"எப்ப?"

"மாசியில."

"அண்டையிலயிருந்து உதைக் காவிக்கொண்டு திரியிறியோ?"

அதோடு எனக்கு உடைந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில் அழுதேன். "என்னை ஒருக்கா ஏசிப் போடுங்கோ, மாமி. நீங்கள் ஏசாமல் இருக்கிறதுதான் என்னைக் கொல்லுது" என்றேன். கிழவர் பதறிப் போய்க் காகிதத் துவாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏசினால் பாலன் வந்திடுவாரே?" என்றார் மாமி. நூலை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரல்களுக்கு இடையில் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். மன்னாரில் அவர் குழந்தைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தவர். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

"இது பிறந்த பிள்ளையின்ர அளவு" என்றார்.

"ஓம் மாமி. அந்த நீலக் கண்..."

"நத்தாருக்குத் துலைஞ்ச பிள்ளை. இப்ப யூலை. ஏழு மாசம்." நூலைச் சுருட்டித் தன் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டார். "பழைய அளவைக் கொண்டு வந்து தேடினால் எப்பிடிக் கிடைக்கும்? ஏழு மாசத்தில வளரேல்லையெண்டால்தான் டொக்டரிட்டக் காட்டவேணும்."

பெட்டிக்குள் கையை விட்டு அந்தக் கொழுத்த பிள்ளையைத் தூக்கினார். மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"மாமி, இவர் மாதாவைவிடப் பெரிசு. தொட்டிக்குள்ள கொள்ளமாட்டார்."

"கொள்ளாட்டித் தாயின்ர பக்கத்தில இருக்கட்டும். ஏழு மாசப் பிள்ளை எழும்பி இருக்கும்தானே?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். என்ன பேசுகிறோம் என்று ஒன்றும் விளங்காமல் கிழவரும் சேர்ந்து சிரித்தார். பாலனைப் பழுப்புத் தாளில் சுற்றிக் கயிறு கட்டி மாமியிடம் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் மாமி பொதியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தபடி வந்தார். பரமட்டா வரப்போகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. மாமி எழும்பக் கம்பியைப் பிடித்தார். பிறகு பொதியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இந்தா, வைச்சிரு. நத்தார் வரைக்கும் உன்னட்டையே இருக்கட்டும்."

"நானோ, மாமி?"

"இவர் டின்னுக்குள்ள போகமாட்டார்" என்றார். "பயப்பிடாமல் வை, பிள்ளை."