1933-க்கான காலிக் குழி

பேய்க் கதை என்றதும் நள்ளிரவு, நாய் ஊளை, கதவு கிறீச்சிடுவது என்றெல்லாம் எதிர்பார்த்தீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அதெல்லாம் இதில் கிடையாது. இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில், மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தபோது, பிற்பகல் சரியாக மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நடந்தது. பதினோரு மாதம் ஆகிறது. ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லப் போவதில்லை. "விட்டுத் தொலை, எழுதாதே" என்கிறார் என் கணவர். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எழுதினாலாவது வருகிறதா பார்ப்போம்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் நம்பாத ரகம். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். விடியற்காலை ஷிப்ட், இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரே மகள், அப்போது நாலரை வயது. அவள் செய்கிற சேட்டைக்கு வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய பிரிட்டிஷ் பென்னிகளைச் சேர்ப்பது. உள்ளங்கையை நிறைக்கிற பெரிய வெண்கலக் காசுகள். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கேடயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண். "செல்லாக் காசுக்குப் போய் இவ்வளவு செல்லமா?" என்று கணவர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். அவர் மட்டும் ஓடாத ரேடியோக்களைச் சேர்க்கவில்லையா?

ஒரு சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்காரர் போன் செய்தார்.

"உங்க சரக்கு வந்திருக்கும்மா. வேற யாராவது பார்க்கறதுக்குள்ள வாங்க."

ஓடினேன். ஒரு கட்டு நாணயப் பத்திரிகைகள். நாற்பத்தொரு இதழ்கள், எல்லாம் ஐம்பது வருடத்துக்கு முந்தியவை. கூடவே ஒரு நீல அட்டை ஆல்பம். தடித்த அட்டையில் வரிசை வரிசையாக வட்டக் குழிகள், ஒவ்வொரு குழிக்கும் கீழே ஒரு வருடம், ஒவ்வொன்றிலும் அந்த வருடத்துப் பென்னி. கடையிலேயே உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். இப்படி ஒரு சேர்க்கையைப் பழைய பேப்பரோடு போட யாருக்கு மனசு வந்தது?

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு காசையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அத்தனையும் சுத்தம். ஒரு கறை இல்லை. ஒரே ஒரு குழி மட்டும் காலி. 1933.

அந்த வருடத்துப் பென்னியை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது கிடைக்கப்போவதில்லை. ஆனால் காலிக் குழியைப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. அது எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி. காசு கிடைக்கிறவரை அதே அளவில் எதையாவது வட்டமாக வெட்டி வைத்து அடைப்போம்.

பத்திரிகைகளில் ஒன்றில் 1933 பென்னியின் படம் அசல் அளவில் இருப்பதாக அட்டையிலேயே போட்டிருந்தது. வெட்டலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படம் இல்லை. கிழிக்கவில்லை, வெட்டவில்லை. அந்த இடத்தை மட்டும் யாரோ தேய்த்துத் தேய்த்து மை போய், தாள் பஞ்சாகி, நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. சுற்றியிருந்த எழுத்துகள் புதுசு போல இருந்தன.

இன்னொன்றும் கவனித்தேன். கடைசிப் பத்து இதழ்கள் தபால் உறையோடு அப்படியே இருந்தன. சந்தா கட்டி வரவழைத்துவிட்டு ஏன் பிரிக்கவில்லை? ஆளுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் போனால் போகட்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது போக வாலுவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று மீதி இருந்தது. முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி 1933 குழியில் வைத்தேன். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. "எங்க வீட்டு அபூர்வக் காசு!" என்று கணவரிடம் காட்டிச் சிரித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்கு ஆல்பத்தைத் திறந்தேன். 1926 பென்னியில் ராஜாவின் முகத்தின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் விரலின் வியர்வை உலோகத்தில் ஊறி ரேகை விழுந்துவிடும். அப்புறம் அழிக்கவே முடியாது.

"வாலு! காசைத் தொட்டியா?"

"நான் தொடலம்மா..."

"பொய் சொன்னா அடி விழும்."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் உறைத்தது. ரேகை பெரிய ஆளுடையது. குழந்தையை அநியாயமாக அழவைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை. 1927 பென்னியில் அதே ரேகை.

கணவரைப் பிடித்து, ரப்பர் ஸ்டாம்ப் மையில் கட்டைவிரலை அழுத்தி, காகிதத்தில் உருட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். "என்னமோ பேங்க்ல கொள்ளையடிச்ச மாதிரி பிடிச்சு உருட்டுறியே" என்று சிரித்தார். அவருடையது இல்லை. காசில் இருந்த ரேகைக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோடு ஓடியது. பழைய வெட்டுத் தழும்பு. என் விரலிலும் அது இல்லை.

சரியில்லாத விஷயம் இன்னொன்று இருந்தது. விரல் பட்டவுடன் ரேகை தெரியாது. ஊறிக் கறுத்து வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். சனிக்கிழமை சுத்தமாக இருந்த காசில் ஒரே நாளில் எப்படிக் கறுக்கும்?

செவ்வாய்க்கிழமை ஆல்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மாலை திறந்தேன். 1928.

புதன்கிழமை 1929.

"மத்தியானம் நீங்க வீட்லதானே இருக்கீங்க? யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலை. மூணு மணிக்கு மேல அலமாரிக்குள்ள சர்ர்... சர்ர்னு ஒரு சத்தம். எலின்னு நினைச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு பத்து. தினமும்."

வியாழக்கிழமை 1930. வெள்ளிக்கிழமை 1931.

அன்றைக்குத்தான் கணவர் சிரிப்பதை நிறுத்தினார். ஆல்பத்தை வாங்கி அந்த வரிசையில் விரலை ஓட்டினார். நாளைக்கு 1932. ஞாயிற்றுக்கிழமை...

"பாப்பா போட்டோவை எடுத்துடு."

"ஏன்?"

"எடுத்துடுன்னா எடுத்துடேன்."

நான் எடுக்கவில்லை. பயந்தேன் என்று ஆகிவிடக் கூடாதே. இவ்வளவு ஒழுங்காக ஒரு நாளைக்கு ஒரு குழி என்று வருகிறது என்றால், அடுத்து எங்கே வரும், எப்போது வரும் என்று தெரிகிறது. உட்கார்ந்து கையும் களவுமாகப் பிடிப்பேன் என்றேன். அப்போது நான் பிடித்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை 1932. எதிர்பார்த்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை கணவருக்குத் திடீர் டூட்டி வந்துவிட்டது. போகும்போது வாசலில் நின்று, "போட்டோவை..." என்று ஆரம்பித்தார். "போங்க, பார்த்துக்கறேன்" என்றேன்.

இரண்டரை மணிக்கு வாலுவை உள்ளறையில் தூங்கவைத்தேன். அவள் எப்போதும் மல்லாந்துதான் தூங்குவாள், கைகால்களை விரித்துக்கொண்டு. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வந்தேன். வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. இரண்டு முறை பார்த்தேன். கூடத்து மேஜையில் ஆல்பத்தைத் திறந்து வைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஜன்னல் வழியாக நல்ல வெயில். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து.

மூன்று ஏழு. ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது.

மூன்று ஒன்பது. ஒரு வாசனை வந்தது. வியர்த்த கையில் ரொம்ப நேரம் காசை வைத்திருந்தால் வருமே, அந்த வாசனை.

மூன்று பத்து.

சர்ர்...

என் கண் முன்னால், ஒரு முழம் தூரத்தில்.

போட்டோ மெல்ல உள்ளே குழிந்தது. யாரோ மேலிருந்து அழுத்துவது போல.

சர்ர்... சர்ர்...

நெற்றியில் ஆரம்பித்து மூக்கு வரை வந்தது. நின்றது. மறுபடி நெற்றியிலிருந்து வந்தது. வழவழப்பான தாளில் எதையோ தேடுகிறது... கிடைக்கவில்லை.

போட்டோவில் என் மகளின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கண் போயிற்று. வாய் போயிற்று.

எழுந்திருக்க நினைத்தேன். கால் வரவில்லை.  

சத்தம் நின்றது.

ஐந்து விநாடி... பத்து விநாடி...

பிறகு மேஜை விளிம்பில் சர்ர் என்றது.

பிறகு என் நாற்காலிக் கையில்.

பிறகு சுவரில்... தடவிக்கொண்டே... உள்ளறைப் பக்கமாக...

ஒருக்களித்த கதவு அசைந்தது.

உள்ளே இருந்து வாலுவின் குரல். தூக்கக் கலக்கத்தில், கொஞ்சலாக.

"அப்பா... விடுங்கப்பா... மூஞ்சி கூசுது..."

அப்பா டிப்போவில் இருக்கிறார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அறையில் யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. வாலு கட்டிலில் குப்புறக் கிடந்தாள். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, அசையாமல், நேராக. அள்ளித் திருப்பினேன்.

மூச்சு இருந்தது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நெற்றியில் ஒன்று. மூக்கின் மேல் ஒன்று. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று. பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் ரேகைகள். குறுக்கே அந்தக் கோடு.

கடிகாரத்தில் மூன்று பதினான்கு.

கணவர் வந்து பார்த்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவியும் ரேகைகள் மறைய மூன்று நாள் ஆனது. வாலுவுக்கு எதுவுமே நினைவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கட்டைத் தொடவில்லை. மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்து போட்டவர்களின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

நான்கு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. ஐம்பது வயதுப் பெண்மணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். ஆல்பத்தின் சொந்தக்காரர் அவருடைய மாமனார். இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சிரிப்பார், இல்லை விரட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"மாமாவுக்குக் கண்ணு தெரியாதுங்க. நான் கல்யாணமாகி வந்தப்பவே தெரியாது. கட்டைவிரலால தடவித்தான் பார்ப்பார், பார்த்ததும் கறை படியாம துணியால துடைச்சு வச்சிடுவார். காசை மட்டும் இல்ல, வீட்டுக்கு யார் வந்தாலும் மூஞ்சியைத் தடவிப் பார்த்துட்டுத்தான் பேசுவார்."

"விரல்ல தழும்பு..."

"குறுக்க. ஆமா."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கண் தெரியாத கிழவர். யார் என்று தடவிப் பார்த்திருக்கிறார், போய்விட்டார். அவ்வளவுதானே? குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே? கட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் அந்தப் பெண்மணி. குரல் மாறியிருந்தது. "எதையாச்சும் கவுத்து வச்சிருந்தாரா?"

"கவுத்துன்னா?"

"வேணாங்கற காசைத் தடவிட்டு அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். வேணும்னு முடிவு பண்ணிட்டார்னா, குப்புறக் கவுத்து வச்சிடுவார். அது தனக்குன்னு அர்த்தம். அப்புறம் வேற யாரும் அதைத் தொடக் கூடாது."



"கவுத்து வச்சிட்டு...?"

"அவசரமே பட மாட்டார். ஒரு மாசமோ, ஒரு வருஷமோ... சாவகாசமா வந்து எடுத்துக்குவார்."