வைக்காத கடை

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தெருவில் அவள் முதலில் திறந்தது ரெடிமேடு துணிக்கடை. பதினோரு வருஷம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். துணியைத் தொட்டதுமே தரம் சொல்லிவிடுவாள். விற்கத்தான் தெரியவில்லை. யாராவது சட்டையைக் கையில் எடுத்தால், "உங்களுக்குத் தோள்ல பிடிக்கும், வேண்டாங்க" என்பாள். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"நீ கடை நடத்துறியா, வர்றவங்கள வழியனுப்பி வைக்கிறியா?" என்று கேட்பார் பஸ் ஓட்டும் கணவர்.

எட்டே மாதத்தில் கடை படுத்துவிட்டது. சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். கடையைக் காலி செய்ய இன்னும் மூன்று மாதம் இருந்ததால், சும்மா இருப்பானேன் என்று தையல் மெஷினை வாசலருகே இழுத்துப் போட்டாள். பேண்ட் நீளம் குறைக்கவும் ஜிப் மாற்றவும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவளுக்கோ அது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"கிழிசல் தைக்கவா கடை வெச்சேன்?" என்று நாத்தனாரிடம் புலம்பினாள். நாத்தனார் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை நடத்துபவள். எதையும் பூசி மெழுகத் தெரியாதவள்.

"அண்ணி, நீங்க வெச்ச கடைக்கு யாரும் வரல. வைக்காத கடைக்கு வர்றாங்க. போர்டை மாத்துங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் போர்டை 'துணி திருத்தித் தரப்படும்' என்று மாற்றினாள்; கடையையும் காலி செய்யவில்லை. சொன்ன நேரத்துக்குத் துணி தயாராக இருக்கும். "இதுல இனிமே தையல் நிக்காதுங்க, வீணா செலவு பண்ணாதீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வேறு துணியோடு வந்தார்கள். முன்பு வியாபாரத்தைக் கெடுத்த அதே வாய்தான்.

மூன்றாம் வருஷம் எதிரே இரண்டு மாடித் துணிக்கடை வந்தது. "வேற இடம் பாக்கலாமா?" என்றார் கணவர். "முதல்ல உள்ள போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றாள் அவள். திறந்த அன்றே உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"ஒட்டகச்சிவிங்கிக்குத் தெச்சிருக்காங்க. எல்லா பேண்ட்டும் தரையைக் கூட்டுது."

அடுத்த வாரமே எதிர்க்கடைப் பைகள் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாள் அந்தக் கடை மேனேஜரே வந்தார்.

"எங்க கடைக்குள்ளயே உக்காந்து தெச்சுக் குடுங்களேன். மாசச் சம்பளம், ஏசி ரூம்."

"அங்க உக்காந்தா உங்க துணி நல்லா இருக்குன்னு சொல்லணும். எனக்கு அது வராதுங்க."

மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. நீளம் சரியில்லை என்பவர்களுக்கு அன்றிலிருந்து அவரே கண்ணாடிக் கதவு வழியாக இவள் கடையைக் கைகாட்டுகிறார்.

இப்போது இரண்டு மெஷின்கள் ஓடுகின்றன. மதியம் கணவரின் ஷிப்ட் முடிந்ததும் இருவரும் கடையின் பின்பக்கம் ஸ்டூலில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். யாராவது தட்டினால், "மூணு மணிக்கு வாங்க" என்று மென்றபடியே குரல் கொடுப்பாள். தட்டியவர்கள் பெரும்பாலும் வெயிலில் நிற்காமல் எதிர்த் துணிக்கடை ஏசிக்குள் போய்க் காத்திருப்பார்கள்.