அவருடைய பதினான்கு கமிட்டுகள்

ஒழுங்கில்லாத எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. ஓட்டலுக்குப் போனால் சாம்பார் வாளியின் கரண்டியை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அந்த வியாதியில் எழுதியதுதான் என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு சின்ன டூல்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அலையையும் காற்றையும் தமிழில் காட்டும் சின்ன இலவச ஆப் ஒன்றை, ஆபீஸ் நேரம் போக நான் பார்த்துக்கொள்கிறேன். முகம் தெரியாத சிலர் அதற்குக் கோடு, அதாவது புரோகிராம், எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு குறிப்போடு சேமிப்பதற்குக் கமிட் என்று பெயர். 'மறுபடி முயற்சி', 'இதுவும் சரியில்லை' என்றெல்லாம் குறிப்பு எழுதுவார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். என் டூலில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும், அத்தனையும் ஒரே கமிட்டாகி மூலக் கோடில் சேர்ந்துவிடும். அவர்கள் அனுப்பிய பழைய வடிவம் அழிந்துவிடும்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு பெண், நடுக்கடலில் சிக்னல் போனாலும் ஆப் வேலை செய்யும்படி எழுதி அனுப்பினார். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு ஏழு வருடம் ஆனவர். தங்கையின் லேப்டாப்பை வாங்கி இரண்டு மாதம் உழைத்தார். நான் ஒரு நொடியில் சேர்த்துவிட்டு நன்றி சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நான் திருப்போரூர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் படூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார், பதினோரு மணிக்கு இன்டர்வியூ. காட்டுவதற்கு அவரிடம் இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

"பதினாலு கமிட் போட்டேன் சார். ஒண்ணே ஒண்ணுதான் கீது. அதுலயும் உங்க பேருதான் கீது."

ஒன்றாக்கும்போது, கட்டளை அடித்தவன் பெயர்தான் எழுதியவர் இடத்தில் விழும். தெரியாது என்று சொன்னால் பொய். முன்பே கவனித்திருக்கிறேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

தங்கை அந்த லேப்டாப்பை விற்றுவிட்டாராம், அதிலிருந்த நகலும் போயிற்று. மிச்சம் என் கம்ப்யூட்டர்தான். அழித்ததை அது சில வாரம் உள்ளே வைத்திருக்கும். தேடும்போது அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பதினான்கும் இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப வைக்க, எல்லோரும் பயன்படுத்தும் மூலக் கோடையே மாற்ற வேண்டும். பிசகினால் மற்றவர்கள் வேலையும் போய்விடும். முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். கட்டளையை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். பத்தே முக்காலுக்கு என்டர் தட்டினேன். ஆப்பின் இணையப் பக்கத்தைத் திறந்தால் பதினான்கு கமிட், பதினான்கிலும் அவர் பெயர். அவருக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது, அவர் போனை அணைத்துவிட்டிருந்தார்.

பதினொன்றரைக்கு, பக்கத்தில் இருந்த என் நம்பருக்கு, இன்டர்வியூ எடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் அழைத்தார். காலையிலேயே அந்தப் பக்கத்தைப் பார்த்து வைத்திருந்தாராம். "அப்ப உங்க பேரு இருந்துச்சு, இப்ப அவங்க பேரு இருக்கு. யாருதான் சார் எழுதுனது?"

நான் உதவி செய்யப் போய் அவரைத் திருடியாக்கிவிட்டேனோ என்று பட்டது. எல்லாம் அவர் எழுதியது, பெயரை மாற்றியது டூல் என்றேன்.

"அந்த டூலை யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணே போன் செய்தார். வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். டூலை இன்றே திருத்திவிடுகிறேன், அடுத்து அனுப்புவதெல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"திருத்துங்க சார், மத்தவங்களுக்கு ஆவும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "நான் இனிமே அனுப்பல."