ஏழு கூரைகளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

அறுபதுகளின் நடுவில், அந்தமானில் சௌல்தாரி என்ற கிராமத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வாய் மட்டும் அறுபது வயதுக்காரனுடையது.

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் பிழைக்க வந்தவன் நான். போர்ட் பிளேயரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. கரையேற்றிய கப்பலின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒட்டிக் கிடக்கும் கொட்டலசுச் சிப்பிகளையும் துருவையும் சுத்தியலால் கொத்தி எடுக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஐந்து வருஷம் இதையே செய்தேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்காகக் கப்பலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஊரை நிமிர்ந்து பார்த்தேன். மேட்டிலும் சரிவிலும் எங்கே பார்த்தாலும் தகரக் கூரை. அத்தனையும் துரு! உப்புக் காற்றும் வருஷத்தில் பாதிக்கு மேல் பெய்கிற மழையும் தகரத்தைச் சும்மா விடுமா? சில வருஷத்தில் சல்லடையாகிவிடும். புதுத் தகரம் வேண்டுமானால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும். கப்பல் வந்தாலும் அதில் தகரம் வர வேண்டும். அடடா, ஊர் முழுக்கக் கப்பலைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள், இது தெரியாமல் நான் இங்கே படுத்துக் கிடக்கிறேனே என்று தோன்றியது. அன்று சாயங்காலமே வேலையை விட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"கூரையைச் சுரண்ட உங்கள யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடாம எங்க போவாங்க? வரிசையில நிப்பாங்க பாரு."

"கூப்பிடலன்னா?"

"நம்ம கூரையைச் சுரண்டுவேன்."

"நம்ம வீடு ஓலைக் கூரை" என்றாள்.

ஆனால் வரிசையில்தான் நின்றார்கள்! துருவைச் சுரண்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, ஆணி ஓட்டைகளை அடைத்து, ஆளிவிதை எண்ணெயில் கலந்த செங்காவிப் பெயிண்டை இரண்டு பூச்சுப் பூசிக் கொடுத்தேன். கூலியாட்கள் சரியாக அமையவில்லை. மூன்றாவது மாதம் என் மனைவியே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு சுற்றிக் கூரை ஏறிவிட்டாள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். வேலையில் என்னைவிடச் சுத்தம். அந்தத் தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் பொதுப் பேச்சு இந்திதான். அதனால் எனக்கு 'சத்வாலா மிஸ்திரி' என்று பெயர் விழுந்தது. கூரை மேஸ்திரி என்று அர்த்தம். தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

கிரீடம் வைத்தவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டாகத்தானே இருக்கும்! எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. பழைய சாமான் ஏலத்தில் கப்பல் அடிப்பகுதிக்குப் பூசும் பாட்டம் பெயிண்ட் டின் டின்னாக வந்தது. கடலுக்கடியில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அசையாத பெயிண்ட், கூரைமேல் எத்தனை வருஷம் நிற்கும்? ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அத்தனை டின்னையும் எடுத்துவிட்டேன்.

அந்தப் பெயிண்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அதுதான் வெட்கம். கப்பலில் சிப்பி ஒட்டாமல் இருப்பதற்காகவே அதில் விஷம் கலந்திருக்கிறார்கள். பட்டறையில் அதைக் கொத்தும்போது வாயில் துணி கட்டச் சொல்வார்கள். கை கழுவாமல் பீடியைக்கூடத் தொடவிட மாட்டார்கள். ஐந்து வருஷம் அந்தத் துணியைக் கட்டியவன் நான்.

சௌல்தாரியில் விவசாயக் குடும்பத்தார் கூப்பிட்டார்கள். கோடைக் கடைசி. கிணறெல்லாம் அடிமண் தெரிய வற்றிக் கிடந்தது. இரண்டு பேரும் அங்கேயே ஒரு கொட்டகையில் தங்கி, மழைக்கு முன்னால் ஏழு கூரைகளை அந்தப் பாட்டம் பெயிண்டிலேயே முடித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் பிளந்த மூங்கிலைக் கூரையின் ஓரத்தில் சாய்வாகக் கட்டி, அதன் நுனியில் பெரிய டிரம் வைத்திருந்தார்கள். போர்ட் பிளேயரில் குழாய்த் தண்ணீர் குடித்தவன், ஊரில் கிணற்றுத் தண்ணீர் குடித்தவன், எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஏணி சாய்க்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த மூங்கில்களை அவிழ்த்துக் கீழே வைத்தவனும் நான்தான். வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

முதல் மழை வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் மழையைப் பிடிக்க மாட்டார்கள். மூங்கிலை ஒதுக்கி வைத்துவிட்டு, "சத் நஹானே தோ" என்பார்கள். கூரை குளிக்கட்டும் என்று அர்த்தம். இரண்டாவது மழையிலிருந்துதான் டிரம் நிரம்பும், அதுதான் குடிக்கிற தண்ணீர்.

மறுநாள் காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வங்காளி அக்கா ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவரை எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று அவர் வாயால் கேட்கத்தான் போனேன். தீதி கூரைத் தண்ணீர் விழுகிற பக்கம் ஒரு குழி வெட்டி, கெளுத்தி மீன் வளர்த்துவந்தார். அந்தக் குழியோரம் குந்தியிருந்தார். மீன்களெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கெளுத்தி லேசில் சாகிற மீனா? சட்டியில் போட்டாலும் துள்ளுகிற மீனாயிற்றே!

"மிஸ்திரி, க்யா லகாயா மேரா சத் பே?" என்றார். என் கூரையில் என்னத்தைப் பூசினாய் என்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் பூச்சையா குறை சொல்வது! வெயில் சூட்டில் குழித் தண்ணீர் கெட்டிருக்கும் என்றேன். அவர் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் பிடித்து வைத்திருந்த சட்டியைக் காட்டினார். பார்க்கக் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. பக்கத்திலிருந்த அலுமினிய டம்ளரை எடுத்து முக்கினேன்.

"தேக்கோ, பாருங்க தீதி, நானே குடிச்சுக் காட்டறேன்!"

டம்ளர் உதட்டுக்கு வரவில்லை. தீதி எழுந்து ஓங்கி ஒரு தட்டு. டம்ளர் பறந்துபோய்ப் படிக்கல்லில் விழுந்து நசுங்கியது. "பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று என் மனைவியைக் காட்டி இந்தியில் கத்தினார். அவருடைய மீன் அத்தனையும் செத்துக் கிடக்கிறது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, அவருக்கு என் உயிர் பெரிதாக இருந்தது.

என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, நீங்க பட்டறையில வாயில துணி கட்டுவீங்களே, அது இந்தப் பெயிண்டுக்குத்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். என் மனைவி அதை இந்தியில் தீதிக்குச் சொன்னாள்.

தீதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவுர் கித்னா சத்?" இன்னும் எத்தனை கூரை?

ஆறு. தென்மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது மழை. ஆறு வீட்டிலும் மூங்கிலைச் சரிசெய்து டிரம்மைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

தீதி பக்கத்து வீடுகள் இரண்டுக்கு ஓடினார். என் மனைவி ஓடைப்பக்கம் இருந்த இரண்டு வீடுகளுக்கு. கோடியில் இருந்த இரண்டுக்கு நான். வயல் வரப்பில் ஓடும்போதும் என் புத்தி என்ன கணக்குப் போட்டது தெரியுமா? விஷம் என்று சொன்னால் தொழில் அத்தோடு போச்சு. சத்வாலா மிஸ்திரி என்ற பெயர் போச்சு. அதனால் முதல் வீட்டில் போய், "பெயிண்ட் இன்னும் காயல, இந்த மழையும் போகட்டும்" என்று மழுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே மூங்கிலை ஒதுக்கினார்கள். அப்பாடா என்று அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

கடைசி வீடு, கேரளத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவருடையது. நான் வரப்பில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்வதற்குள் டிரம் கால்வாசி நிரம்பிவிட்டது. பெரியவரும் அவர் மகளும் மகிழ்ச்சியாக நனைந்துகொண்டு நிற்கிறார்கள். நான்கு வயதுப் பேத்தி கையில் ஒரு கிண்ணம்.

"காயல பெரியவரே, இந்தத் தண்ணி வேண்டாம்!"

"பெயிண்ட் மணந்தா மணக்கட்டும். ஒரு மாசமா சகதித் தண்ணி வடிகட்டிக் குடிக்கறோம். இது அமிர்தமாக்கும்!" என்று சிரித்தார்.

குழந்தை கிண்ணத்தை முக்கி வாயில் வைத்துவிட்டது. பெயர், தொழில், கிரீடம் எல்லாம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. "ஜஹர்! விஷம்! நான் பூசினது விஷப் பெயிண்ட்!" என்று அலறிக்கொண்டே கிண்ணத்தைப் பறித்து எறிந்தேன். டிரம்மை எட்டி உதைத்தேன். தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. பெரியவர் விட்ட அறையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குள் மகள் குழந்தையின் வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். பழைய குடத்தில் மிச்சமிருந்த வடிகட்டிய தண்ணீரை எடுத்து வாயைக் கழுவிவிட்டாள்.

ஒரு வாய்தான் குடித்திருந்தது. ஆனால் அந்த ஒரு வாய்க்கு நான் பட்ட பாடு! அவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போ என்று யாரும் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மழை நின்று வெகுநேரம் கழித்துக் குழந்தை எழுந்து வந்து கஞ்சி கேட்டது. எனக்குச் சத்தமாக அழுகை வந்துவிட்டது. எழுந்து நேராக அந்த முந்தின வீட்டுக்குப் போய், காயவில்லை என்று சொன்னது பொய், பூசியது விஷம் என்று சொன்னேன். அங்கே கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் மழைக்கும் மழைக்கும் நடுவில் கிடைத்த வெயிலில், ஏழு கூரைகளையும் நாங்கள் இரண்டு பேருமே திரும்பச் சுரண்டினோம், வாயில் துணி கட்டிக்கொண்டு. சுரண்டியதையெல்லாம் கோணியில் கட்டி, தண்ணீர் ஓடாத மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். விடிந்ததும் முதல் வேலை, மலைச்சரிவின் ஊற்றிலிருந்து ஏழு வீட்டுக்கும் குடிதண்ணீர் சுமப்பது. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து என் மனைவி ஒருநாள் சொன்னாள், "வரிசையில நிப்பாங்கன்னு சொன்னீங்க, குடத்தை வெச்சுக்கிட்டு நிக்கறாங்க பாருங்க." வலியோடு வலியாகச் சிரித்துவிட்டேன். மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டு, பழைய செங்காவிப் பூச்சையே ஏழு கூரைக்கும் பூசினோம். மிச்சமிருந்த டின்களைப் படகுக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு உரிய இடம் அதுதானே.

இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த கோடையில் எட்டாவது வீட்டுக்கு என்னைச் சிபாரிசு செய்தவர், என்னை அறைந்த அதே பெரியவர்! "அவன் தப்புப் பண்ணினா ஓடிவந்து சொல்லிடுவான்" என்றாராம். பிற்பாடு லாங் ஐலண்டிலும் கேம்பல் பேயிலும்கூடக் கூரை ஏறினோம். எங்கள் ஓலைவீடும் தகர வீடாயிற்று. இப்போதும் தொழில் விஷயத்தில் என் வாய் குறையவில்லை. என் பூச்சுக்கு இணையான பூச்சு தீவில் கிடையாது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஏணியைச் சாய்ப்பதற்கு முன், இந்தக் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று வீட்டுக்காரர்களைக் கேட்காமல் ஒருநாளும் ஏறியதில்லை.

அந்த வருஷம் செங்காவியைத் திரும்பப் பூசியபோது ஏழாவது கூரையாகத் தீதியின் வீட்டை முடித்தோம். இரண்டு மழையைப் போகவிட்ட பிறகு, குழியில் புதிதாக ஐந்து கெளுத்திகளை விட்டார். ஒரு வாரம் பார்த்தார். ஐந்தும் சேற்றைக் கலக்கிக்கொண்டு திரிந்தன. அப்புறம் எங்களைக் கூப்பிட்டனுப்பி, அந்த நசுங்கின டம்ளரை டிரம்மில் முக்கி, தானே ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அப் பீ" என்றார். இப்போது குடி. எத்தனையோ வீட்டில் எத்தனையோ கூலி வாங்கியிருக்கிறேன். ஆனால் தட்டிவிட்ட அதே கை நீட்டிய அந்த ஒரு டம்ளர் மழைத் தண்ணீரைத்தான் என் தொழிலில் நான் வாங்கிய முதல் கூலியாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.