அங்குலத்துக்குப் பத்தொன்பது மரை

மணியம்மை கண்ணை மூடிக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் பெட்ரோலைத் திறந்து மூடும் உடைந்த டேப்பின் திருகு மரைமேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. போல்ட்டோ, நட்டோ, எது கைக்கு வந்தாலும் முதலில் நகம்தான் படிக்கும். மரை அளக்கும் கேஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. "அது வர்றவங்க பாக்கறதுக்கு. நம்ம நகத்துக்குத் தெரியாத மரை இன்னும் பொறக்கலைங்க" என்பார். சொல்லிவிட்டு, நாம் நம்பினோமா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

திருத்தணியில் அரக்கோணம் சாலையில் அவருடைய லேத் பட்டறை இருக்கிறது. வயது நாற்பத்தெட்டு. புடவைக்கு மேல் அரைக்கைக் காக்கிச் சட்டை. சங்கிலியும் வளையலும் வேலை முடியும்வரை டிபன் டப்பாவுக்குள். தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் படித்தபோது வகுப்பில் ஒரே பெண். சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பதினோரு வருடம் ரயிலில் போய்வந்து, பிறகு சொந்தமாக இந்த மெஷினைப் போட்டார். மெஷின் ஓடும்போது பேசமாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குவார். டீ வந்தால், பித்தளைத் துருவல் விழாதபடி டம்ளர்மேல் ஒரு தகட்டை மூடிவைத்து, மறந்துபோய், ஆறிய பிறகு குடிப்பார். அவசரப்படுத்துகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "அவசரம் உங்களுக்கா, இரும்புக்கா?"

நான் பள்ளிப்பட்டில் ஆசிரியராக இருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சிங்காரத்தை மணியம்மையிடம் அழைத்துப்போனது நான்தான். சிங்காரம் விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். அவருடைய மோட்டார்சைக்கிளுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மூன்று மாதத்துக்கு முன் அதன் டேப் வழியாகப் பெட்ரோல் கசிந்து, சூடான இன்ஜின்மேல் சொட்டிப் பற்றிக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பத்மாவின் புடவையிலும் தீ ஏறிவிட்டது. சாலையோர மண்ணை வாரிப் போட்டு அணைத்தார்கள். பத்மாவின் கணுக்காலில் இன்னும் வடு இருக்கிறது. அதன்பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

பழைய டேப் போன்ற ஒன்று எங்கும் அகப்படவில்லை. சென்னையில் வாங்கிய புது டேப்போ டேங்கில் ஏறவில்லை. இரண்டுக்கும் மரை வேறு. மேல்பாதி டேங்குக்கும் கீழ்ப்பாதி புது டேப்புக்கும் பொருந்துகிற ஒரு இணைப்பைப் புதிதாகக் கடைந்தால்தான் உண்டு. டேங்கைக் கழற்றிக் கழுவி, லுங்கியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் சிங்காரம்.

"நகரியில தங்கச்சி வூட்டுக்குப் போவணும்னாலும் பஸ்லதான் போறாக்கா. என் கூட வர மாட்டேன்றா. வண்டிய நம்பலியா, என்னிய நம்பலியான்னே தெர்ல."

"பாக்கலாம் தம்பி" என்றார் மணியம்மை.

பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு அறுத்து மெஷினில் பூட்டினார். பொன்னிறச் சுருள்கள் அவர் கால்மாட்டில் விழுந்தன. நடுவில் துளை போட்டு, இரு பக்கமும் மரை வெட்டி, ஒன்றரை மணி நேரத்தில் கட்டைவிரல் பருமனில் அந்த இணைப்பு பளபளவென்று வெளியே வந்தது. டேங்கில் வைத்துத் திருகினார். இரண்டரைச் சுற்றில் இறுகிக்கொண்டது. ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் முறுக்கினார். "ஆங், கச்சிதம்" என்றார். அடியில் புது டேப்பை மாட்டி, பெட்ரோல் ஊற்றிக் கால் மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட விழவில்லை. சிங்காரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குச் சிங்காரம் வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார். நகரிக்குப் புறப்பட, பத்மா புதுப்புடவையில் நின்றிருந்தார். ஒரு கையைக் கணவர் தோளில் வைத்தவர், காலைத் தூக்காமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தெருமுனையிலிருந்து, "தம்பி, ஏறாதீங்க! வண்டிய நிறுத்து!" என்று குரல் கேட்டது. காக்கிச் சட்டை இல்லாததால் எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. மணியம்மை ஓடிவந்தார். வந்த வேகத்தில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"ராத்திரிலேர்ந்து போன் பண்ணிகினே இருக்கேன். எடுக்கலியே நீ."

"தறி சத்தத்துல கேக்கலக்கா. இன்னாக்கா ஆச்சு?"

"நான் தப்பு பண்ணிட்டேன். பட்டறைய பெருக்கறப்போ உன் பழைய டேப்பு கண்ணுல பட்டுது. சும்மா கேஜை வெச்சிப் பாத்தேன். அங்குலத்துக்குப் பத்தொம்போது மரை. நான் இருவதுன்னு நெனச்சி வெட்டிட்டேன்."

"ஒரு சொட்டு ஒழுகலியேக்கா!"

"இன்னிக்கி ஒழுகாது. ரெண்டு சுத்து ஒத்துகினு போவும், அப்பறம் முட்டிகினு நிக்கும். இறுகிச்சின்னு நானே ஏமாந்துட்டேன். பத்து நாள் ஆட்டத்துல கழண்டுகினு வரும்." அவர் பத்மாவின் காலைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

பத்மா தோளிலிருந்த கையை எடுத்தார். "செஞ்சவங்களே வந்து தப்புன்றீங்களே" என்றார் மெதுவாக.

"வேற யாரும்மா வந்து சொல்லுவாங்க?"

பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இன்னொரு இணைப்பை எடுத்தார். விடியற்காலையில் கடைந்து, கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். பெட்ரோலைக் கேனில் வடித்து, நேற்று போட்ட இணைப்பைக் கழற்றி, டேங்கின் மரையைத் துணியால் துடைத்துப் பார்த்தார். அங்கே சேதமில்லை என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. புதியதை ஸ்பேனர் இல்லாமல், இரண்டு விரலால் திருகினார்.

"நீயே எண்ணும்மா" என்றார் பத்மாவிடம்.

பத்மா குனிந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் இணைப்பு நின்ற இடத்தைத் தாண்டியபோது குரல் சற்று உயர்ந்தது. ஆறு சுற்று. வாஷர் வைத்து இறுக்கி, டேப்பை மாட்டிப் பெட்ரோல் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, அரை மணி நேரம் ஓடவிட்டார். அத்தனை நேரமும் தரையில் உட்கார்ந்து டேங்கின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்த நாற்காலியில் உட்காரவில்லை.

பிறகு எழுந்து, "ஏறும்மா" என்றார். பத்மா ஏறி உட்கார்ந்தார். புடவையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்திருந்தார், ஆனாலும் ஏறிவிட்டார்.

கீழே கிடந்த முதல் இணைப்பைச் சிங்காரம் எடுத்துச் சட்டைப்பையில் போடப் போனார். "இதுவும் கெடக்கட்டுங்க்கா. பளபளன்னு எவ்ளோ நல்லாக்கீது. வேற யாருக்காவது ஆவும்."

மணியம்மை கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். என்னிடம் ஒரு சுத்தியல் கேட்டார். துவைக்கிற கல்லின்மேல் அதை வைத்து, திருப்பித் திருப்பி, ஒரு மரைகூட மிச்சமில்லாமல் நசுங்கும்வரை அடித்தார்.